இடக்கைப் பழக்கம்: தையல் நல்லா வருது, கத்திரிதான் ஒத்துவரல. என்ன செய்யலாம்?

குடியாத்தம்_வாசல் கேட்டது:

வணக்கம்ங்க. என் தங்கச்சி பொண்ணுக்கு வயசு 19. எழுதறது, பெருக்கறது, பூ கட்டறது எல்லாமே இடது கை. இங்க ஒரு தையல் வகுப்புல சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. மெஷின்ல உக்காந்தா தையல் நேரா வருது. கட்டிங் மேசைக்குப் போனாத்தான் பிரச்சனை. அங்க இருக்கற 10 இன்ச் கத்திரியில பாப்ளின் ரெண்டு மடிப்பு போட்டு வெட்டினா, துணி வெட்டுப்படாம ரெண்டு அலகுக்கு நடுவுல மடிஞ்சி மாட்டிக்குது. வெட்டுப்பட்டாலும் மேல் துணியும் கீழ் துணியும் கால் இன்ச் வித்தியாசமா வருது. கட்டைவிரல் அடியில தோல் கன்னிப்போயி இருக்கு.

வகுப்புல "கையை மாத்திக்கோ, வேற வழியில்ல"ன்றாங்க. வீட்ல பெரியவங்களும் "பீச்சாங்கையால வெட்டினா எப்படி வெளங்கும்"ன்றாங்க. வலது கையால ஒரு வாரம் வெட்டிப் பாத்தாச்சி. கோடு ஆடுது, நேரமும் மூணு மடங்கு ஆகுது.

என் கேள்வி இதுதான். இடது கைக்குன்னு தனிக் கத்திரி நெசமாவே இருக்கா, இல்ல கைப்பிடி மட்டும்தான் வேறயா? இடது கையால வெட்டினா பேட்டர்ன் (துணி மேல வச்சி வெட்டற காகித மாதிரி) வைக்கற முறையும் மாறுமா? வகுப்பு முடிஞ்சதும் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில சேரணும்னு ஆசைப்படறா, அங்க இது தடையா இருக்குமா? கடைசியா, அவ தம்பிக்கு ஏழு வயசு, அவனும் இடது கை. நோட்டு பூரா பென்சில் கரி தேய்ச்சி வச்சிருக்கான். அதுக்கும் வழி சொன்னா நல்லது.


சாணைக்கல்:

கையை மாற்ற வேண்டாம், கத்திரியை மாற்றுங்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் (துணி மடிந்து மாட்டுவது, இரண்டு அடுக்கும் வேறுபடுவது, கட்டைவிரல் கன்றுவது) வலக்கைக் கத்திரியை இடக்கையில் பிடித்தால் வருபவை. யார் பிடித்தாலும் வரும்.

காரணம் இது. கத்திரி கூர்மையால் மட்டும் வெட்டுவதில்லை. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே மூடவேண்டும். அந்த உரசலைத் திருகாணி பாதி தருகிறது, மீதியைக் கை தருகிறது. விரல்களை மடக்கும்போது நம்மை அறியாமலே கட்டைவிரல் உள்ளங்கையை விட்டு வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளங்கைப் பக்கம் இழுக்கும். வலக்கையில் பிடித்த வலக்கைக் கத்திரியில் இந்தத் தள்ளலும் இழுப்பும் அலகுகளை ஒன்றோடொன்று நெருக்கும். அதே கத்திரியை இடக்கையில் பிடித்தால் அதே விசை அலகுகளைப் பிரிக்கும். நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், மெல்லிய துணி அதற்குள் மடிந்துவிடும். கட்டியான துணி மடியாது, ஆனால் கீழ் அடுக்கு நகரும். அதுதான் உங்கள் கால் இன்ச்.

இன்னொன்று பார்வை. வலக்கைக் கத்திரியில் மேல் அலகு வலப்பக்கம் இருக்கும். வலக்கைக்காரர் இடப்பக்கத்திலிருந்து பார்ப்பதால் சாக் கோடும் அலகு தொடும் இடமும் அவருக்குத் தெரியும். இடக்கையில் பிடித்தால் தலை கத்திரிக்கு வலப்பக்கம் வந்துவிடும், மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். பாவம், அந்தப் பெண் இத்தனை நாளும் கோட்டைப் பார்க்காமலே வெட்டியிருக்கிறாள்.

ஆகவே தனிக் கத்திரி உண்டு. அதில் மாறுவது அலகு. கடையில் சோதிக்க ஒரு வழி: கத்திரியை வெட்டுகிற நிலையில் பிடியுங்கள், முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம், ஒரு அலகு மேலே, ஒன்று கீழே. திறந்து பாருங்கள். மேல் அலகு வலப்பக்கம் இருந்தால் வலக்கைக் கத்திரி, இடப்பக்கம் இருந்தால் இடக்கைக் கத்திரி. தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலும் இது மாறாது, எப்படிப் பிரட்டினாலும் வலக்கைக் கத்திரி வலக்கைக் கத்திரிதான். "திருப்பிப் போட்டு வெட்டு" என்று சொல்பவர்கள் ஒருமுறை பிரட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

"ரெண்டு கைக்கும் பொருந்தும்" என்று எழுதி விற்பதில் பெரும்பாலும் கைப்பிடி வளையம் மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், அலகு வலக்கை அமைப்புதான். அதை வாங்கினால் விரல் வலி குறையும், துணி மடிவது நிற்காது. பாதிப் பிரச்சனைக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

வாங்கும்போது 8 அல்லது 9 இன்ச் போதும். ஜாக்கெட், சுடிதார் கட்டிங்குக்கு 10 இன்ச் கட்டாயமில்லை. சிறிய கைக்கு அதன் எடையே தனிச் சுமை. கைப்பிடி மேல்நோக்கி வளைந்த ரகமாகப் பாருங்கள், கீழ் அலகு மேசையில் படிந்தபடி ஓடும். ஃபிஸ்கார்ஸ், "கை" (KAI, ஜப்பான் கம்பெனி) இரண்டும் இடக்கைக்கென்றே அலகு மாற்றிய கத்திரிகள் செய்கின்றன. வேலூர் லாங் பஜார் தையல் சாமான் கடைகளில் சொல்லி வைத்துப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் படத்தைப் பெரிதாக்கி மேலே சொன்ன மேல் அலகுச் சோதனையைச் செய்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கையில் வந்ததும் நனைத்துப் பிழிந்த "வாயில்" (voile) ரக மெல்லிய துணி ஒற்றை அடுக்கை, அலகின் அடியிலிருந்து முனை வரை ஒரே மூடலில் வெட்டிப் பாருங்கள். முனையில் துணியைக் கடித்து இழுத்தால் அந்தக் கத்திரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அது வரும்வரை வகுப்பை நிறுத்த வேண்டாம். இருக்கிற கத்திரியிலேயே கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்தும், மற்ற விரல்களை வெளியே தள்ளியும் மூடச் சொல்லுங்கள். வழக்கத்துக்கு நேர் எதிர். பத்து நிமிடம் பழைய செய்தித்தாளில் பழகினால் பிடிபடும். திருகாணியைக் கால் சுற்று இறுக்கலாம், அதற்கு மேல் இறுக்கினால் மணிக்கட்டு வலிக்கும். ஒற்றை அடுக்காக வெட்டவேண்டும். அலகின் நடுப்பகுதியால் சின்னச் சின்ன வெட்டாகப் போகவேண்டும், முனை வரை மூடக்கூடாது. வழுக்கும் துணியானால் அடியில் பட்டர் பேப்பர் வைத்து இரண்டையும் சேர்த்து வெட்டினால் மடியாது. இவ்வளவும் தற்காலிகம். நாள் முழுக்க இப்படி வெட்டினால் கட்டைவிரல் மூட்டு தாங்காது.


ஆரணி_கட்டிங்:

சாணைக்கல் சொன்னதுக்கு மேல கத்திரியைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல. பேட்டர்ன் கேள்விக்கு வரேன்.

ஆமாம்மா, வைக்கிற முறை மாறும். ஆனா பேட்டர்ன் மாறாது, மேசையில நிக்கிற திசைதான் மாறும். வலக்கைக்காரங்க பேட்டர்னைக் கத்திரிக்கு இடப்பக்கம் வச்சிக்குவாங்க, இடது கையால அழுத்திப் பிடிப்பாங்க, வெட்டிப் போற கழிவுத் துணி வலப்பக்கம் விழும். அப்படியே பேட்டர்னைச் சுத்தி வந்தா கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. உங்க பொண்ணு இடக்கைக் கத்திரியில வெட்டும்போது பேட்டர்ன் கத்திரிக்கு வலப்பக்கம் இருக்கணும், வலது கை அதை அழுத்தணும், சுத்தறது கடிகார முள் திசையில. இதை யாரும் சொல்லித் தராததாலதான் புதுக் கத்திரி வாங்கின பிறகும் சில பேருக்குக் கை குறுக்க மாட்டுது, "இதுவும் வேலைக்கு ஆகல"ன்னு மூலையில போட்டுடறாங்க.

மடிப்பு விளிம்பு எந்தப் பக்கம் வரணும்னு ஒரு சந்தேகம் வரும். வகுப்புல மடிப்பு தன் பக்கம் பார்த்து, கழுத்து வலக்கைப் பக்கம் வர்ற மாதிரி போடச் சொன்னா, இவ மடிப்பைத் தன் பக்கமே வச்சிக்கிட்டு கழுத்தை இடக்கைப் பக்கம் போடட்டும். மடிப்புல வெட்டறதால ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், துண்டு தப்பா வராது. ஒற்றை அடுக்குல வெட்டும்போதுதான் கவனம் வேணும்: ஜாக்கெட்டோட ஒரு கையை வெட்டினதும் பேட்டர்னைக் குப்புறப் பிரட்டிப் போட்டு அடுத்த கையை வெட்டணும். மறந்தா ரெண்டும் ஒரே பக்கத்துக் கையா வந்துடும். வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் சாக்கால "வ", "இ"ன்னு எழுதிடுங்க.

டீச்சர் செய்யறதைப் பாக்க நிக்கற இடம் ரொம்ப முக்கியம். டீச்சருக்குப் பக்கத்துல நின்னு பார்த்தா எல்லாமே தலைகீழாத் தெரியும், மனசுக்குள்ள திருப்பித் திருப்பியே களைச்சிப் போயிடுவா. எதிர்ல நிக்கச் சொல்லுங்க. கண்ணாடியில பாக்கற மாதிரி அவங்க வலது கை அசையற பக்கமே இவ இடது கை அசையும். கையால ஹெம்மிங் பண்றது, காஜா (பட்டன் துளை) எடுக்கறது, ஆரி வேலை (கொக்கி ஊசி எம்பிராய்டரி) எல்லாத்துக்கும் இதே வழிதான். ஹெம்மிங் வலக்கைக்காரங்களுக்கு வலமிருந்து இடம் போகும், இவளுக்கு இடமிருந்து வலம் போகும். நூல் சீக்கிரம் முறுக்கிக்கும். ஒரு முழத்துக்கு மேல நூல் கோர்க்க வேணாம், பத்துத் தையலுக்கு ஒருதரம் துணியைத் தூக்கி ஊசியைத் தொங்க விட்டா அதுவே சுத்தி முறுக்கை விட்டுடும்.

ஆரியில சட்டத்துக்கு மேல ஊசி பிடிக்கிற கையும் கீழ நூல் கொடுக்கிற கையும் இடம் மாறும், அவ்வளவுதான். கைப்பிடியில இருக்கிற திருகாணியும் ஊசி முனைக் கொக்கியோட வாயும் ஒரே பக்கம் பார்க்கணும். அப்பதான் கொக்கி துணிக்குக் கீழ இருக்கும்போதும் வாய் எந்தப் பக்கம்னு கை அறியும். சொல்லித் தர்றவங்க ஊசியைத் திருப்பற திசைக்கு இவ எதிர்த்திசையில திருப்பணும். நேராக் காப்பியடிச்சா சங்கிலி அவிழும்.

மெஷின்ல நல்லா வருதுன்னு எழுதியிருக்கீங்க, அதுல ஆச்சரியமில்ல. தையல் மெஷின் வலக்கைக்குச் செஞ்சதுன்னு சொல்றாங்களே தவிர, நுணுக்கமான வேலை அதுல பெரும்பாலும் இடது கைக்குத்தான். ஊசிக்குப் பக்கத்துல துணியைத் திருப்பறது இடது கை. வீட்டுக் கருப்புத் தலை மெஷின்ல நூல் கோர்க்கறது இடமிருந்து வலம், பாபின் கேஸ் மாட்டறதும் இடப்பக்கத்துல இருந்து. சக்கரம் மட்டும்தான் வலது கை. அதுக்கும் மிதிகட்டை பழகிட்டா கையே வேணாம். நூல் கட்டரையும் ஊசி டப்பாவையும் இடப்பக்கம் மாத்தி வச்சிக்கிட்டா போதும். இன்ச் டேப்பையும் பிரட்டிப் பாருங்க, பின்பக்கத்துல எதிர் முனையில இருந்து 1 தொடங்கும். அந்தப் பக்கத்தை வச்சி அளந்தா எண் நேரா வாசிக்க வரும்.

ரோட்டரி கட்டர் வாங்கலாம்னு யாராவது சொல்வாங்க. 45 மில்லிமீட்டர் வட்டக் கத்தி, பல ரகத்துல கத்தியைக் கழட்டி எதிர்ப்பக்கம் மாட்டிக்கலாம். நேர்க்கோட்டுக்கு அருமை. அடியில கட்டிங் மேட் எப்பவும் விரிக்கணும், ஜாக்கெட் கழுத்து, கைக்குழி வளைவுக்குப் பழக்கமும் வேணும், கத்தி எப்பவும் உடம்பை விட்டு வெளியே போகணும். முதல்ல கத்திரி, இது பிறகு.


ஆம்பூர்_அப்பர்:

ஷூ கம்பெனி பத்தி. பழைய வடஆற்காடு பூரா, ராணிப்பேட்டையில இருந்து வாணியம்பாடி வரைக்கும், இந்தத் தொழில்ல இருக்கறவங்க யாரைக் கேட்டாலும் லைன்ல ஒருத்தர் ரெண்டு பேர் இடது கைன்னு சொல்வாங்க. பத்துப் பேர்ல ஒருத்தர் இடது கைன்னா லைன்ல இல்லாம எப்படி? தடை இல்ல. ஆனா எந்த செக்‌ஷன்னு பாத்துச் சேரணும்.

கட்டிங்ல டை (தோலை வெட்டற அச்சு) வச்சி பிரஸ் அடிக்கறது ரெண்டு கைக்கும் ஒண்ணுதான். ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் தலை இறங்கும். கை உள்ள இருக்கும்போது இறங்கக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் ஒட்டிக் கட்டிப் போட்டு ஒரு கையால ஓட்டச் சொன்னா, யார் சொன்னாலும் செய்யக் கூடாது. வலக்கையோ இடக்கையோ, விரல் போனா வராது.

சேம்பிள் ரூம்ல கையால வெட்டற கத்தி வேற கதை. கத்தி முனை வளைவு எந்தப் பக்கம் பாக்குதோ அதைக் கழட்டித் திருப்பி மாட்டணும், இல்லன்னா பேட்டர்ன் விளிம்பை விட்டு கத்தி வெளிய ஓடும். கை ஸ்கைவிங் கத்தி, அதாவது தோல் ஓரத்தைச் சீவி மெலிசாக்கற கத்தி, அதுல ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கம் தோல்ல படியணும். முனை சாய்வா வெட்டின கத்தி வலக்கைக்குச் செஞ்சது, இடது கையில பிடிச்சா சரிவு தோல் பக்கம் போயிடும், சீவாம குழி தோண்டும். ஒண்ணு எதிர்ச் சாய்வுல தீட்டின கத்தி கேளுங்க, இல்ல முனை நேரா வெட்டின அகலக் கத்தி கேளுங்க. நேர் முனை ரெண்டு கைக்கும் ஒத்துவரும்.

ஸ்கைவிங் மெஷின்ல ரெண்டு கையும் சேர்ந்துதான் தோலைத் தள்ளும், அங்க கை வித்தியாசம் அதிகம் தெரியாது. மடிக்கிற ஓரத்துக்கு, மடிப்பு 5 மில்லிமீட்டர்னா சீவறது 10 மில்லிமீட்டர் வேணும், மடிச்ச பிறகு திண்டு தட்டாம இருக்கணும். அந்த அளவு மெஷின்ல வைக்கறது, கை வேகத்தால மாறறதில்ல. ஸ்டிச்சிங் போஸ்ட் மெஷினும் அப்படித்தான், துணி மெஷின்ல நேராப் போறவளுக்கு வளைவுல அப்பரை (ஷூவோட மேல்பகுதியை) திருப்பறது இடது கையாலதான் வரும். உங்க பொண்ணுக்கு நான் சொல்றது ஸ்டிச்சிங்.

மாட்டிக்கற இடம் ஒண்ணே ஒண்ணு: லைனிங் டிரிம்மிங். தைச்ச பிறகு மிச்ச லைனிங்கைத் தையலுக்கு ஒட்டி வளைஞ்ச கத்திரியால வெட்டணும். கம்பெனி கொடுக்கறது எல்லாம் வலக்கைக் கத்திரி. கொஞ்சம் பிசகினா தையல் நூலே வெட்டுப்பட்டு அந்த ஜோடி ரிஜெக்ட் ஆகும். சேரும்போதே சூப்பர்வைசர்கிட்ட "எனக்கு இடக்கைக் கத்திரி வேணும், இல்லன்னா சொந்தமா கொண்டு வரேன்"னு சொல்லிடச் சொல்லுங்க. ரிஜெக்ட் விழுந்த பிறகு சொன்னா சாக்கு சொல்ற மாதிரி ஆயிடும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஸ்பேனர் சைஸ் சரியில்லன்னா மெக்கானிக் கேக்கறதில்லையா?

சொல்யூஷன் டப்பா, பிரஷ், சுத்தி எல்லாத்தையும் மேசையில இடப்பக்கம் மாத்தி வச்சிக்கணும். பக்கத்து ஆளோட முழங்கை இடிக்கும், அதனால வரிசையில இடது ஓர சீட் கேட்டு வாங்கினா ரெண்டு பேருக்கும் நிம்மதி.


பாலாற்றங்கரை_வகுப்பறை:

பையனின் எழுத்தைப் பற்றி. கரி தேய்வது இடக்கைப் பழக்கத்தின் விதி அல்ல, நோட்டு வைத்திருக்கும் விதம். தமிழ் இடமிருந்து வலம் போகிறது, அவன் கை பென்சிலுக்கு இடப்பக்கம் இருக்கிறது, எனவே எழுதியதன் மேலேயே கை நகர்கிறது. அதைத் தவிர்க்கக் கை, வரிக்குக் கீழே இருக்கவேண்டும்.

நோட்டை உடம்பின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். பிறகு கடிகார முள் திசையில் சுமார் 30 டிகிரி திருப்புங்கள்: மேல் இடது மூலை உயரும், மேல் வலது மூலை தாழும். இப்போது வரி அவன் கைக்கு மேலிருந்து கீழாகச் சரிந்து, உடம்பை நோக்கி வரும். நேர் நோட்டில் "ட", "ப", "ம" எழுதும்போது படுக்கைக் கோட்டை அவன் தள்ளுகிறான், அதனால்தான் பென்சில் முனை தாளைக் குத்துகிறது, ஒடிகிறது. திருப்பிய நோட்டில் அதே கோட்டை இழுக்கிறான். தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே பக்கத்தில் பார்க்கலாம். நோட்டின் சாய்வு நினைவிருக்க மேசையில் ஒட்டுநாடாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பென்சிலை முனையிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கவேண்டும். அதற்கும் கீழே பிடித்தால் எழுதும் எழுத்தை விரலே மறைக்கும், பார்ப்பதற்காகக் குழந்தை மணிக்கட்டை மேலே வளைக்கும். அந்தக் கொக்கிப் பிடி பழகிவிட்டால் மாற்றுவது கடினம், கையும் சீக்கிரம் வலிக்கும். அந்த இடத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள், விரல் தானே அங்கே நிற்கும். பென்சில் எச்பி போதும், 2பி மிருதுவானது, அதிகம் தேயும். பேனா வயது வந்ததும் சாதாரண பால்பாயின்ட் கொடுங்கள். ஜெல் மை காயுமுன் கை படும். நிப் பேனாவைத் தள்ளினால் நிப் விரிந்து தாளைக் கீறும்.

நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. சித்திரை வைகாசியில் உள்ளங்கை ஓரம் வியர்த்து, கரியை ஈரத்தோடு சேர்த்து இழுக்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதமோ மடித்த கைக்குட்டையோ வைத்துக்கொண்டே எழுதப் பழக்குங்கள். தேர்விலும் அதுதான் கைகொடுக்கும்.

வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பையனின் வலது முழங்கையும் இவன் இடது முழங்கையும் ஒன்றையொன்று இடிக்கும். பழி பெரும்பாலும் இவன்மேல்தான் விழும். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் எழுத்தில் விழாது. பென்சில் சீவும்போது துருவியை இடது கையில் பிடித்துச் சுற்றி, பென்சிலை வலது கையில் அசையாமல் வைக்கட்டும்.

ஏழு வயதில் ஓரிரு எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதினால் திட்டவேண்டாம், வலக்கைக் குழந்தைகளும் செய்வார்கள். வரியின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள், தொடங்கும் இடம் பழகிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகள் பலர் தமிழோடு உருதுவும் எழுதுகிறார்கள். உருது வலமிருந்து இடம் போவதால் இடக்கைப் பிள்ளைக்கு அங்கே கை முன்னால் வெற்றுத் தாளில் நகர்கிறது, ஒன்றும் தேய்வதில்லை. அங்கே மை பூசிக்கொள்வது வலக்கைப் பிள்ளைதான். ஒரே குழந்தையின் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெற்றோருக்கு விஷயம் புரிந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு என் கருத்து: சோறு உண்பதும், பிரசாதம் வாங்குவதும், பெரியவர்களுக்கு ஒன்றை நீட்டுவதும் நம் வழக்கப்படி வலது கையால் செய்யக் குழந்தையைப் பொறுமையாகப் பழக்கலாம், அதற்கு நுண்ணிய விரல் வேலை தேவையில்லை. எழுதுவதையும் வெட்டுவதையும் தைப்பதையும் மாற்றக் கூடாது. அடித்தோ கையைக் கட்டியோ மாற்றுவது கொடுமை, அதில் எழுத்தும் கெடும், படிப்பில் பயமும் வரும். சில குழந்தைகள் ஆறு வயதுக்குப் பிறகும் எந்தக் கை என்று முடிவாகாமல் பென்சிலை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். அப்போது கை இயக்கப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்டிடம் காட்டுங்கள். கை மறுவாழ்வுக்கு வேலூர் பழைய ஊர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1940களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் அறுவை செய்து மறுபடி வேலை செய்ய வைத்தது இங்கேதான்.


குடியாத்தம்_வாசல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நோட்டைத் திருப்பி வச்சி எழுதினான், ஒரு பக்கம் சுத்தமா வந்திருக்கு. பொண்ணு டீச்சருக்கு எதிர்ல நின்னு பாக்கறேன்னு கேட்டுட்டா, அவங்களும் சரின்னுட்டாங்க. 8 இன்ச் இடக்கைக் கத்திரி சொல்லி வச்சிருக்கோம். ரெண்டு சந்தேகம். வகுப்புல கத்திரி பொதுவா எல்லாரும் எடுப்பாங்க, இதை வலக்கைக்காரங்க எடுத்து வெட்டினா கெட்டுப்போகுமா? அப்புறம், தெருவுல சாணை பிடிக்க வர்றவர்கிட்ட இதைக் கொடுக்கலாமா?


சாணைக்கல்:

வலக்கைக்காரர் எடுத்தால், உங்கள் பெண்ணுக்கு இதுவரை நடந்தது அவர்களுக்கு நடக்கும். துணி மாட்டியதும் பலம் கொடுத்துத் திருகுவார்கள், அப்போது திருகாணி தளரும், கூர் ஒன்றோடொன்று கடித்துப் பல் விழும். ஆகவே பொதுவில் வைக்கவேண்டாம். கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றி, தனி உறையில் போட்டு அவள் பையிலேயே இருக்கட்டும். காகிதம் வெட்டவும் கூடாது, பேட்டர்ன் பேப்பருக்கு வேறு பழைய கத்திரி.

சாணை கொடுக்கலாம், பக்கத்தில் நின்று கொடுங்கள். அலகின் வெளிச்சரிவை மட்டும், இருக்கிற அதே சாய்வில், அடியிலிருந்து முனை வரை ஒரே சீராகப் பிடிக்கவேண்டும். உள்பக்கத்தைக் கல்லில் வைக்கவே கூடாது. உள்முகம் மெல்லக் குழிந்திருக்கும், அதனால்தான் இரண்டு அலகும் கூரில் மட்டும் தொட்டு உரசுகின்றன. அதைத் தேய்த்துச் சமமாக்கினால் அந்தக் கத்திரி பிறகு எந்தக் கைக்கும் வெட்டாது. இடக்கைக் கத்திரியில் சரிவு வழக்கமான பக்கத்துக்கு எதிரே இருக்கும். பழக்க வேகத்தில் சாணைக்காரர் உள்பக்கத்தைக் கல்லில் வைத்துவிடுவது அதனால்தான். கொடுப்பதற்கு முன் இரண்டு அலகின் உள்பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, "இந்தப் பக்கம் கல் படக்கூடாது" என்று சொல்லுங்கள். வாங்கும்போது அந்த மை அழியாமல் இருக்கிறதா பாருங்கள்.

பிறகு திருகாணி. ஒரு வளையத்தைப் பிடித்து, முழுக்கத் திறந்து, மறு வளையத்தை விட்டுவிடுங்கள். அலகு பாதி மூடி நிற்கவேண்டும். முழுக்க விழுந்தால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். சரிசெய்துவிட்டு, திருகாணி இடுக்கில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு நாலு தடவை திறந்து மூடி, கழிவுத் துணியில் இரண்டு வெட்டு வெட்டி எண்ணெயைத் துடைத்த பிறகு நல்ல துணியில் வையுங்கள்.